கருவிக் குறிப்பும் குறியீட்டெண்ணும்

கேட்ட கேள்விக்கு விடை எழுதித் தந்துவந்த செயற்கை நுண்ணறிவு, இப்போது புள்ளிவிவரங்களைத் தானே தேடி எடுத்துக் கணக்கிடும் நிலைக்கு வந்துள்ளது. ஒரு பணியைப் பல படிகளாகப் பிரித்து இவ்வாறு செய்யும் மென்பொருளை 'முகவர்' என்கின்றனர். முகவருக்குத் தரவுத்தளத்தைத் தானாகத் திறக்கும் ஆற்றல் இல்லை. அதற்கென அமைத்துத் தரப்படும் நிரல்களே 'கருவிகள்'. கருவி ஒவ்வொன்றின் பெயரும், அது என்ன செய்யும் என்னும் விளக்கக் குறிப்பும், அதற்குத் தரவேண்டிய உள்ளீடுகளின் விவரமும் முகவருக்கு அளிக்கப்படுகின்றன. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்னும் பொது நெறிமுறையும் இம்முறையையே கொண்டுள்ளது. கருவியின் உள்ளேயுள்ள நிரலைப் பொதுவாக முகவர் பார்ப்பதில்லை. குறிப்பைப் படித்தே எக்கருவியை எடுப்பது, எவ்வாறு கையாள்வது என முடிவு செய்கிறது. ஆதலின், நிரல் பிழையற்றதாக இருந்தும் குறிப்பு மங்கலாக இருப்பின், விடை தவறிவிடும்.

நம் நாட்டு விலைக் குறியீட்டெண்களைக் கொண்டு இதனை ஆராய்வோம். 'விலைக் குறியீட்டெண்ணைத் தரும்' என்ற ஒற்றை வரிக் குறிப்புடன் ஒரு கருவி அமைக்கப்பட்டுள்ளதாகக் கொள்வோம். எந்தக் குறியீட்டெண்? தேசியப் புள்ளியியல் அலுவலகம் ஊரகம், நகர்ப்புறம், இரண்டும் ஒருங்கிணைந்தது என நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை வெளியிடுகிறது. பணவீக்க இலக்கு இவற்றுள் ஒருங்கிணைந்த எண்ணைக் கொண்டே அளக்கப்படுகிறது. தொழில்துறைத் தொழிலாளர்களுக்கான எண்ணைத் தொழிலாளர் பணியகம் தனியே தருகிறது. மத்திய அரசு ஊழியர்களின் அகவிலைப்படி இதனையே சார்ந்தது. மொத்த விலைக் குறியீட்டெண் மற்றோர் அலுவலகத்திலிருந்து வருகிறது. அதில் சேவைகள் இடம்பெறுவதில்லை. கட்டுமான ஒப்பந்தங்கள் பலவற்றில் கூலிப் பகுதிக்கு ஒன்றும், சிமெண்டு, எஃகு ஆகியவற்றுக்கு மற்றொன்றும் என ஒரே ஒப்பந்தத்துள் இரண்டு எண்கள் பயன்படுவதுண்டு. ஒற்றை வரிக் குறிப்பைப் படிக்கும் முகவர், இவற்றுள் ஒன்றை ஊகித்து எடுக்கும். ஊகம் தவறினாலும் விடை என்னவோ மிகத் தெளிவான நடையில்தான் வரும்!

அடிப்படை ஆண்டு

சரியான வரிசையை எடுத்துவிட்டாலும் இடர் தீர்ந்துவிடுவதில்லை. ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரைகளை ஒட்டி நடைமுறைக்கு வந்த அகவிலைப்படிக் கணக்கில், 2001 ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்ட வரிசையின் 12 மாதச் சராசரியிலிருந்து 261.42-ஐக் கழித்து, வருவதை 261.42-ஆல் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். ஆனால் 2020 செப்டம்பர் மாத எண்ணிலிருந்து தொழிலாளர் பணியகம் 2016-ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய வரிசையைக் கொணர்ந்தது. பழைய வரிசைக்கு மாற்ற, புதிய எண்ணை 2.88 என்னும் இணைப்புக் காரணியால் பெருக்க வேண்டும்.

12 மாதச் சராசரி 140 என்று வைத்துக்கொள்வோம். 2.88-ஆல் பெருக்கினால் 403.2. அகவிலைப்படி 54.23 விழுக்காடு, பின்னத்தை நீக்கினால் 54. இணைப்புக் காரணியைக் குறிப்பு சொல்லாதுவிட்டால், முகவர் 140-ஐ அப்படியே இட்டுக் கணக்கிடக்கூடும். அப்போது கிடைப்பது கழித்தல் குறியுடன் 46 விழுக்காட்டுக்கும் மேல். இது அபத்தம் என்று எவரும் உடனே கண்டுகொள்வர். அஞ்சத்தக்கவை இத்தகைய பெரும் பிழைகள் அல்ல. இரண்டு வரிசைகளுக்கிடையே இரண்டு அல்லது மூன்று விழுக்காடு மட்டுமே வேறுபடும்போது கோப்பில் எவர் கண்ணுக்கும் படாமல் கடந்துபோகும் பிழைகளே.

எனவே குறிப்பு ஏறத்தாழப் பின்வருமாறு அமைதல் வேண்டும்:

"தொழிலாளர் பணியகம் வெளியிடும், தொழில்துறைத் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணின் அனைத்திந்திய மாத எண்ணைத் தரும். அடிப்படை 2016=100. அகவிலைப்படி (பஞ்சப்படி) தொடர்பான கேள்விகளுக்குப் பயன்படுத்துக. 2001 அடிப்படைக்கு மாற்ற 2.88-ஆல் பெருக்க வேண்டும். கருவி தானாகப் பெருக்காது. நாட்டின் பொதுப் பணவீக்க விகிதத்துக்கு இதனைப் பயன்படுத்தலாகாது. கேட்ட மாதத்தின் எண் வெளியாகவில்லையெனில் அதனையே தெரிவிக்கும். முந்தைய மாத எண்ணைத் தராது."

'பஞ்சப்படி' என்னும் சொல்லையும் சேர்த்திருப்பது வேண்டுமென்றேதான். மக்கள் தாம் வழங்கும் சொல்லாலேயே கேட்பர். ஆணையிலுள்ள சொல்லால் கேட்கமாட்டார்கள். 'பயன்படுத்தலாகாது' என்னும் வரி, அடுத்தடுத்துள்ள ஒத்த கருவிகளைப் பிரித்துக் காட்டுவதற்கு. இறுதி வரியும் இன்றியமையாதது. ஒரு மாதத்தின் எண் அடுத்த மாதத்தின் கடைசி வேலைநாளில் வெளியாவது வழக்கம். ஜூலை 15-இல் ஜூன் எண்ணைக் கேட்பவருக்கு, ஒன்றும் சொல்லாமல் மே மாத எண்ணைத் தருவதைவிட இல்லை என்று சொல்வதே முறை.

உள்ளீடுகள்

உள்ளீடுகளையும் இவ்வாறே வரையறுக்க வேண்டும். '2011-12' என்பது நமக்கு நிதியாண்டு. கணினி வழக்கில் அது 2011 டிசம்பர் மாதம். 'காலம்' என்று மட்டும் உள்ளீட்டுக்குப் பெயரிட்டால் இரண்டுக்கும் இடமுண்டு. 'மாதம்' என்றும் 'நிதியாண்டு' என்றும் தனித்தனியே பெயரிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டும் தந்துவிடுவது நன்று.

குறிப்பு நீண்டால் நன்மை என்று கருதிவிடவும் கூடாது. எல்லாக் கருவிகளின் குறிப்புகளையும் முகவர் ஒருசேரப் படிக்க வேண்டியுள்ளது. சட்டப் பிரிவுகள், துறையின் வரலாறு முதலியவற்றுக்கு அங்கே இடமில்லை. 'மிகச் சிறந்த, நம்பகமான கருவி' போன்ற புகழுரைகள் தேர்வைத் திரிக்கவே செய்யும்.

எண்களைப் படித்துக் காட்டும் கருவிக்கும், பட்டியலை ஒப்பளித்துப் பணம் வழங்கும் கருவிக்கும் வேறுபாடு உண்டு. பின்னையதில் 'இச்செயலைத் திரும்பப் பெற இயலாது' என்று எழுதுவது தேவையே. ஆயினும் எழுதியதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. அதிகாரியின் ஒப்புதலின்றிச் செயல்படாதவாறு கருவியையே அமைக்க வேண்டும்.

குறிப்பை எழுதியவர் தாமே அதனைச் சரிபார்ப்பது போதாது. கணக்குப் பிரிவினர் நாள்தோறும் சந்திக்கும் கேள்விகளில் இருபது முப்பதைத் திரட்டி முகவரிடம் கேட்டு, எக்கருவியை எடுத்தது, என்ன உள்ளீடு தந்தது என்று பார்க்க வேண்டும். தவறிய இடங்களில் முதலில் திருத்தப்பட வேண்டியது பெரும்பாலும் குறிப்பின் சொற்களே. அடிப்படை ஆண்டு மாறும்போது புதிய வரிசையும் இணைப்புக் காரணியும் அறிவிக்கப்படுகின்றன. அன்றே குறிப்பையும் மாற்றும் பொறுப்பு இன்ன அலுவலருடையது என்று முன்னதாகவே வரையறுத்து, அதனைப் பிரிவின் பணிப் பங்கீட்டு ஆணையிலும் சேர்த்துவிடுதல் வேண்டும்.