தொட்டி மீனும் லங்காட் ஆறும்

கடையில் கண்ணாடித் தொட்டிக்குள் நீந்தும் மீனைக் கண்டதும் வாங்கித் தரும்படி பெற்றோரை நச்சரிக்கின்றீர்கள். அம்மீன் எவ்வளவு பெரிதாக வளரும், எதனை உண்ணும், எதனுடன் கூடி வாழும் என்று விசாரித்தீர்களா?

நம் டெங்கில் வழியே ஓடும் லங்காட் ஆற்றில் பெருகியுள்ள 'பண்டாராயா' மீனையே எடுத்துக்கொள்வோம். அதன் தாயகம் தென் அமெரிக்கா. தொட்டிக் கண்ணாடியில் படியும் பாசியைச் சுரண்டித் தின்னும் துப்புரவுக்காரன் என்பதால், மாநகரம் எனப் பொருள்படும் மலாய்ப் பெயர் அதற்கு வாய்த்தது. கடையில் விரல் நீளமே இருக்கும் குஞ்சு, 40 சென்டிமீட்டர் வரையிலும் வளரக்கூடியது. பாசி மட்டும் அதற்குப் போதாது, கழிவோ மிகுதி. துப்புரவுக்காரனே தொட்டியை அழுக்காக்கும் வேடிக்கையைப் பாருங்கள்!

இடம் போதாமற் போகவே, வளர்த்தவர்கள் அதனை ஆற்றில் விட்டனர். உடலைப் போர்த்த எலும்புத் தகடுகளால் பிற மீன்கள் அதனை எளிதில் விழுங்க இயலாது. நீரில் உயிர்வளி குன்றினால் மேலே வந்து காற்றை விழுங்கி இரைப்பையால் சுவாசிக்கும். முட்டையிடுவதற்காகக் கரையைக் குடைவதால் மண்ணும் சரிகிறது.

சிறு தொட்டி உடையோர் சண்டை மீன் ஒன்றை வளர்க்கலாம். இரு ஆண் மீன்களை ஒன்றாக விட்டால் கடித்துக்கொள்ளும். துள்ளிக் குதிக்குமாதலின் மூடியும் தேவை.

கடைக்காரர் விற்பவரன்றோ? ஆகவே நூல்களையும் புரட்டுங்கள். வளர்க்க இயலாத மீன் இப்பொழுதே வீட்டில் இருப்பின், கடையில் திருப்பிக் கொடுங்கள். அல்லது பெரிய தொட்டி வைத்திருப்போரிடம் ஒப்படையுங்கள். ஆற்றிலோ தோட்டத்துக் கால்வாயிலோ விடாதீர்கள்.