குழம்பு ஊற்றுவதற்கு முன்

நாய்க்குட்டிக்கு ஆகாதது எது என்று கேட்டால் எல்லோரும் முதலில் சாக்லேட்டைத்தான் சொல்கிறார்கள். ஆகாதுதான். ஆனால் திண்டுக்கல் வீடுகளில் நான் பயப்படுவது குழம்புச் சட்டியைப் பார்த்துதான்.

நாம் சோற்றில் ஊற்றுவதில் வெங்காயமும் பூண்டும் இல்லாதது அபூர்வம். இரண்டுமே நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. உடல் எடையில் கிலோவுக்கு 15 கிராம் வெங்காயம் உள்ளே போனாலே ரத்தத்தில் பாதிப்பு வரலாம். இரண்டு கிலோ குட்டிக்கு அது ஐந்தாறு சின்ன வெங்காயம். தின்ற அன்று குட்டி துள்ளித் திரியும். சில நாள் கழித்துத்தான் ஈறு வெளுக்கும், சோர்ந்து படுக்கும், சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும். அதற்குள் என்ன போட்டோம் என்பதே நமக்கு மறந்திருக்கும்.

"நம்ம வீட்டு நாயெல்லாம் கொழம்புச் சோறு தின்னுதானடா வளந்துச்சு" என்பார் அம்மாச்சி. வளர்ந்ததைச் சொல்கிறார், செத்த குட்டிகளை யார் கணக்கு வைத்தார்கள்? நான் வாதாடுவதில்லை. குழம்பு ஊற்றுவதற்கு முன்பே குட்டிக்கான சோற்றைத் தனியே எடுத்து வைத்துவிடுகிறேன். அதோடு அவித்த முட்டை, அல்லது உப்பும் மசாலாவும் போடாமல் வேகவைத்த எலும்பில்லாத கோழிக்கறி. வெயில் காலத்தில் கொஞ்சம் தயிர். வளரும் குட்டிக்கு இதுவே முழுச் சாப்பாடு ஆகிவிடாது. சுண்ணாம்புச் சத்துக்கு என்ன சேர்ப்பது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சின்னாளபட்டி, வெள்ளோடு பக்கத்துப் பன்னீர் திராட்சை நமக்குப் பெருமை. நாய்க்கு அது சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். எத்தனை பழம் தின்றால் ஆபத்து என்று அளவே சொல்ல முடியாது. காய்ந்த திராட்சையும் அப்படித்தான். காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று 2021இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் எழுதினார்கள். அதே அமிலம் புளியிலும் ஏராளம். அதனால் புளிக்குழம்பு, ரசம் இரண்டையும் நான் குட்டியின் தட்டுப் பக்கமே கொண்டுபோவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணி வேறு. நம் ஊர்ப் பிரியாணியில் கறித் துண்டே சிறிசு, அதிலுள்ள எலும்பும் சிறிசு. வெந்த எலும்பு கடித்தால் கூராகப் பிளந்து தொண்டையிலோ குடலிலோ குத்தும். விருந்தாளிகள் பாசமாக மேஜைக்கடியில் போடுவதைத் தடுப்பதுதான் பெரும்பாடு. பால் விஷயத்திலும் கவனம் வேண்டும். பசும்பாலில் தாய்நாயின் பாலைவிடச் சர்க்கரை அதிகம், கொழுப்பு குறைவு; பல குட்டிகளுக்குக் கழிச்சல் வரும்.

ஆகாததைத் தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தியெடுக்க வைக்காதீர்கள். அந்த உப்பே குட்டியைக் கொன்றுவிடக்கூடும். என்ன, எவ்வளவு, எப்போது தின்றது என்று குறித்துக்கொண்டு உடனே டாக்டரிடம் ஓடுங்கள். வாந்தியும் ரத்தக் கழிச்சலும் சேர்ந்து வந்தால் "எதையாவது தின்னிருக்கும்" என்று வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம். தடுப்பூசி போடாத குட்டியென்றால் அது பார்வோ வைரஸ் நோயாக இருக்கலாம். அதற்கு ஒரு ராத்திரி தாமதமே அதிகம்.