நம்பிக்கையில்லாப் பிரேரணை எங்கிருந்து வந்தது?

கேள்வி: பெரும்பான்மை இல்லாத அரசாங்கத்தைச் சபையில் தோற்கடித்து வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் எப்போது, எங்கே தொடங்கியது? (வாசகர், கொடிகாமம்)

பதில்: எந்தச் சட்டமும் இந்த வழக்கத்தைப் பிறப்பிக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அமைச்சர்களை நியமிப்பதும் நீக்குவதும் மன்னரின் உரிமையாக இருந்தது. அமைச்சர் ஒருவரைப் பிடிக்காத உறுப்பினர்கள் அவர்மீது குற்றம் சுமத்தி விசாரிக்கலாம், அல்லது அவரை நீக்கும்படி மன்னரிடம் கேட்கலாம். முதன்மை அமைச்சராக இருந்த ரொபேர்ட் வோல்போலை நீக்கக் கோரி 1741 பெப்ரவரியில் கொண்டுவரப்பட்ட பிரேரணை தோற்றுப்போனது. மறு ஆண்டு, ஒரு தேர்தல் மனு பற்றிய வாக்கெடுப்பில் தம் தரப்பு தோற்றதும் அவராகவே பதவி விலகினார். சபை கைவிட்ட பிறகு மன்னரின் ஆதரவு மட்டும் போதாது என்பது அப்போதே தெரியத் தொடங்கியது.

அது உறுதியானது 1782இல். அதற்கு முந்திய ஒக்டோபரில் யோர்க்டவுனில் பிரித்தானியப் படை சரணடைந்திருந்தது. அமெரிக்கப் போரை நடத்திவந்த நோர்த் பிரபுவின் அரசாங்கம் ஆட்டம் கண்டது. பெப்ரவரி 27ஆம் திகதி போரைத் தொடரக்கூடாது என்ற தீர்மானம் 234க்கு 215 என்ற கணக்கில் நிறைவேறியது. மார்ச்சில் வந்த இரண்டு கண்டனப் பிரேரணைகளில் அவர் தப்பினார். முதலாவதில் பத்து வாக்கால், அடுத்ததில் ஒன்பது வாக்கால். மூன்றாவது வரப்போகிறது என்று தெரிந்தபோது, மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் விரும்பாதபோதும், மார்ச் 20ஆம் திகதி பதவியை விட்டார். நம்பிக்கையில்லாப் பிரேரணையால் வீழ்ந்த முதல் அரசாங்கம் என்று இதைத்தான் நூல்கள் குறிக்கின்றன. ஆனால் அந்த அரசாங்கம் அப்படியொரு பிரேரணையில் ஒருமுறைகூடத் தோற்கவில்லை. வரப்போகும் வாக்கெடுப்பைப் பற்றிய பயமே அதை அனுப்பிவைத்தது. இந்தக் கருவியின் உண்மையான பலம் எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

‘நம்பிக்கை இல்லை’ என்று வெளிப்படையாகச் சொல்லிக் கொண்டுவந்து வென்ற பிரேரணை அதற்கு வெகு பிந்தியது. 1841 யூன் 4ஆம் திகதி மெல்பேர்ண் பிரபுவின் அரசாங்கத்துக்கு எதிராக ரொபேர்ட் பீல் கொண்டுவந்த பிரேரணை 312க்கு 311 என ஒரே வாக்கால் நிறைவேறியது. 1979 மார்ச் 28இல் கலகன் அரசாங்கம் கவிழ்ந்ததும் ஒரு வாக்கால்தான்: 311க்கு 310.

கேள்வி: இலங்கைக்கு இது எப்போது வந்தது?

பதில்: 1947இல், சோல்பரி அரசியலமைப்போடு. அதற்கு முந்திய டொனமூர் முறையில் அரசாங்கம் ஒன்றாக விழ வழியில்லை. அரசுக் கழக உறுப்பினர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்தார்கள். ஒவ்வொரு குழுவும் தெரிவுசெய்த தலைவரே அமைச்சர். கட்சி அமைச்சரவை என்ற ஒன்றே இல்லாதபோது எதைக் கவிழ்ப்பது?

சோல்பரி முறையின் முதல் தேர்தலிலேயே எவருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. தெரிவுசெய்யப்பட்ட 95 பேரில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 42 பேர். எதிரணியினர் கொழும்பில் சிறி நிசங்கவின் ‘யமுனா’ இல்லத்தில் கூடி மாற்று அரசாங்கம் அமைக்கப் பேசிப் பார்த்தார்கள், கூடிவரவில்லை. டி. எஸ். சேனநாயக்க சுயேச்சைகளையும் நியமன உறுப்பினர்களையும் சேர்த்துக்கொண்டு நிமிர்ந்துவிட்டார். 1948இல் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலமும் அமைச்சரவையில் சேர்ந்தார்.

கேள்வி: தமிழ் உறுப்பினர்களின் வாக்கால் அரசாங்கம் கவிழ்ந்ததுண்டா?

பதில்: உண்டு, 1960இல். கொடிகாமத்து வாக்காளர்களின் பிரதிநிதிக்கும் அதில் பங்கு இருந்தது. தென்மராட்சியைச் சேர்ந்த கொடிகாமம் அப்போது சாவகச்சேரித் தொகுதிக்குள் இருந்தது. 1956 முதல் அந்தத் தொகுதியின் உறுப்பினராக இருந்தவர் தமிழரசுக் கட்சியின் வீ. என். நவரத்தினம்.

1960 மார்ச் 19 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 50 இடங்களையும் சிறீலங்கா சுதந்திரக் கட்சி 46 இடங்களையும் பெற்றன. தெரிவாகும் இடங்கள் 151. நியமன உறுப்பினர் ஆறு பேரையும் சேர்த்தால் 157. பெரும்பான்மைக்கு அருகில்கூட எவரும் இல்லை. தமிழரசுக் கட்சியிடம் 15 இடங்கள் இருந்தன. பெரிய கட்சி என்ற முறையில் டட்லி சேனநாயக்க பிரதமரானார். சபாநாயகர் தெரிவிலேயே அவருடைய வேட்பாளர் தோற்றார்; எதிரணி நிறுத்திய ரி. பி. சுபசிங்க கதிரையில் அமர்ந்தார். மிச்சமிருந்த கேள்வி ஒன்றே: சிம்மாசனப் பிரசங்கத்தின் மீதான வாக்கெடுப்பில் அந்தப் பதினைந்து கைகள் எந்தப் பக்கம் உயரும்?

அதற்கு இடைப்பட்ட நாட்களில்தான் பேச்சுவார்த்தை நடந்தது. தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகம் முன்வைத்தவை நான்கு கோரிக்கைகள். பண்டாரநாயக்க செல்வநாயகம் ஒப்பந்தத்தில் கண்டபடி பிரதேச சபைகள் அமைந்து குடியேற்றம் அவற்றின் கையில் இருக்க வேண்டும். வடக்கு கிழக்கில் நிர்வாகமும் நீதிமன்றமும் தமிழில் நடக்க வேண்டும். மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டம் திருத்தப்பட வேண்டும். அது திருத்தப்படும்வரை ஆறு நியமன உறுப்பினர்களில் நால்வர் அந்த மக்களுக்காக நியமிக்கப்பட வேண்டும். இந்தக் கடைசிக் கோரிக்கையை இன்று பலர் மறந்துவிட்டார்கள். வடக்கு கிழக்கு வாக்குகளால் வந்த பேரம்பேசும் பலத்தை வாக்கே இல்லாத தோட்டத் தொழிலாளருக்காகவும் செலவிட முன்வந்தது அந்தக் கட்சியின் வரலாற்றில் மதிப்புக்குரிய பக்கம்.

டட்லி இணங்கவில்லை. சி. பி. டி சில்வா தலைமையிலிருந்த சுதந்திரக் கட்சியின் பக்கம் பேச்சு சாதகமாக இருந்தது. ஏப்ரல் 22ஆம் திகதி வாக்கெடுப்பில் அரசாங்கத்துக்கு 61, எதிராக 86. பதவியேற்று ஒரு மாதத்தில் அரசாங்கம் விழுந்தது.

அடுத்து நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. சுதந்திரக் கட்சி அரசமைத்தால் ஆதரிப்போம் என்று தமிழரசுக் கட்சி தெரிவித்திருந்தது. ஆயினும் மகாதேசாதிபதி சேர் ஒலிவர் குணதிலக்க, தோற்ற பிரதமரின் ஆலோசனைப்படி பாராளுமன்றத்தைக் கலைத்தார். யூலைத் தேர்தலில் சுதந்திரக் கட்சி 75 இடங்களைப் பிடித்தது. சிறிமாவோ பண்டாரநாயக்க பிரதமரானார். தமிழரசுக் கட்சிக்கு ஓர் இடம் கூடி 16 கிடைத்தது, ஆனால் அந்தப் பதினாறும் இப்போது யாருக்கும் தேவைப்படவில்லை. மார்ச்சில் பேசியவை கிடப்பில் போனதோடு, 1961 தொடங்கும்போது சிங்களம் மட்டும் சட்டம் நிர்வாகத்தில் முழுமூச்சாக நடைமுறைக்கு வந்தது. பெப்ரவரி 20ஆம் திகதி யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. ஏப்ரல் 17இல் அவசரகாலச் சட்டம் பிறப்பிக்கப்பட்டு, தலைவர்கள் பனாகொடை முகாமில் தடுத்துவைக்கப்பட்டார்கள்.

1960 மார்ச் 21இலிருந்து ஏப்ரல் 22வரை அந்தப் பதினைந்து வாக்குகளுக்கு இருந்த விலை, வாக்களித்து முடிந்த மாலையே போய்விட்டது. தமிழரசுக் கட்சி எதிர்த்து வாக்களித்தது தவறு என்று இதற்குப் பொருளில்லை. கோரிக்கையை மறுத்த அரசாங்கத்தைத் தாங்கிப்பிடித்திருந்தால் அதன்பின் அக்கட்சியின் சொல்லை யார் மதித்திருப்பார்கள்? குறை அன்றைய முறையில் இருந்தது. கவிழ்ப்பவர்கள் அடுத்த அரசாங்கத்தைத் தாங்களே அமைக்க அதில் உறுதி இருக்கவில்லை. மேற்கு ஜேர்மனி 1949இலேயே இதற்கு வழிகண்டிருந்தது: அங்கே அடுத்த தலைவரைத் தெரிவுசெய்தால்தான் இருக்கும் தலைவரை நீக்க முடியும். 1982இல் ஹெல்முட் கோல் பதவிக்கு வந்தது அப்படித்தான்.

கேள்வி: ஒரு வாக்கால் கவிழ்ந்த அரசாங்கம் இலங்கையில் உண்டா?

பதில்: 1964 டிசம்பர் 3ஆம் திகதி சிறிமாவோ அரசாங்கம் 74க்கு 73 என்ற கணக்கில் தோற்றது. லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனத்தை அரசு எடுத்துக்கொள்ள முயன்றதை ஒட்டி எழுந்த எதிர்ப்பு அது. சபைமுதல்வராக இருந்த சி. பி. டி சில்வாவே பதின்மூன்று பேரோடு எழுந்து எதிரணிப் பக்கம் போய் அமர்ந்தார். இடதுசாரி எட்மண்ட் சமரக்கொடியும் அரசாங்கத்துக்கு எதிராக வாக்களித்தார். 1965 தேர்தலுக்குப் பின் டட்லி செல்வநாயகம் ஒப்பந்தம் எழுதப்பட்டது, தமிழரசுக் கட்சியின் மு. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சரானார். இம்முறை தமிழரசுக் கட்சி ஆதரவைக் கையில் வைத்துக்கொண்டு பேசியது. அப்படியிருந்தும் ஒப்பந்தத்தில் கண்ட மாவட்ட சபைத் திட்டம் கைவிடப்பட்டது; 1968இல் கட்சி அரசாங்கத்தை விட்டு வெளியேறியது.

இந்தியாவில் நினைவில் நிற்பது 1999 ஏப்ரல் 17: வாஜ்பாய் கோரிய நம்பிக்கை வாக்கெடுப்பு 269க்கு 270 எனத் தோற்றது.

கேள்வி: எதிர்க்கட்சித் தலைவர் மீதும் நம்பிக்கையில்லாப் பிரேரணை வந்ததாமே?

பதில்: 1981 யூலையில் வந்தது. யாழ். பொது நூலகம் எரிக்கப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எதிர்க்கட்சித் தலைவர் அ. அமிர்தலிங்கம்மீது நம்பிக்கை இல்லை என்று, சபையில் ஆறில் ஐந்து பங்கு பலம் வைத்திருந்த ஆளுங்கட்சியினர் பிரேரணை கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். அரசாங்கத்தைக் கேள்வி கேட்க மக்கள் பிரதிநிதிகள் பல தலைமுறையாக உருவாக்கிய கருவி, கேள்வி கேட்டவர்மீதே வீசப்பட்டது. சட்டப்படி அதற்கு எந்த விளைவும் இல்லை. அமிர்தலிங்கம் பதவியில் நீடித்தார். சபையில் அன்று பேசப்பட்டவை மட்டும் பதிவேட்டில் அழியாமல் இருக்கின்றன.

கேள்வி: தோல்வி வரும் என்று தெரிந்த அரசாங்கம் வாக்கெடுப்பைத் தள்ளிப்போட முடியுமா?

பதில்: முடியும், இலங்கையில் இரண்டு முறை வெளிப்படையாகவே நடந்தது. 2001 யூனில் முஸ்லிம் காங்கிரஸ் விலகியதும் சந்திரிகா குமாரதுங்கவின் அரசாங்கம் பெரும்பான்மையை இழந்தது. பிரேரணை கையளிக்கப்பட்டிருந்த நிலையில், யூலையில் பாராளுமன்றம் இரண்டு மாதத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. அந்த இடைவெளியில் மக்கள் விடுதலை முன்னணியோடு ஒப்பந்தம் செய்து ஆயுளை நீட்டினார்கள். அது நெடுநாள் நிற்கவில்லை. உறுப்பினர்கள் கட்சி மாற, ஒக்டோபர் 10ஆம் திகதி பாராளுமன்றம் கலைக்கப்பட்டது.

2018இல் நடந்தது இன்னும் கடுமையானது. ஒக்டோபர் 26இல் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன, ரணில் விக்கிரமசிங்கவை நீக்கி மகிந்த ராஜபக்சவைப் பிரதமராக நியமித்து, பாராளுமன்றத்தை ஒத்திவைத்தார். உறுப்பினர்களை இழுக்கக் கால அவகாசம் வேண்டியிருந்தது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் வியாழேந்திரனும் அந்தப் பக்கம் போனார். ஆனாலும் எண்ணிக்கை சேரவில்லை. நவம்பர் 9இல் சபையைக் கலைத்தார். அதை உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது. மறுநாளே சபை கூடி, நவம்பர் 14இல் நம்பிக்கையில்லாப் பிரேரணையை நிறைவேற்றியது. 16ஆம் திகதி மறுபடி வாக்கெடுக்க முயன்றபோது சபாநாயகரின் கதிரையை ஒரு கூட்டம் மறித்துக்கொண்டது. மிளகாய்த்தூள் வீசப்பட்டது, புத்தகங்கள் பறந்தன. சபாநாயகர் கரு ஜயசூரிய பொலிசாரின் பாதுகாப்போடு சபைக்குள் வந்து, குரல் வாக்கெடுப்பை நடத்தி முடித்தார்.

டிசம்பர் 12இல் ரணில் விக்கிரமசிங்கவுக்கு ஆதரவான நம்பிக்கைப் பிரேரணை 117 வாக்குகளால் நிறைவேறியது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் 14 வாக்குகள் இல்லாமல் பெரும்பான்மைக்கு வேண்டிய 113ஐத் தொட்டிருக்க முடியாது. மறுநாள் உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் கலைப்புச் செல்லாது என ஒருமனதாகத் தீர்த்தார்கள். அந்த வழக்கு இராஜவரோதயம் சம்பந்தனின் பெயரில்தான் பதிவாகியிருக்கிறது. ஆனால் கூட்டமைப்பு எதிர்பார்த்திருந்த புதிய அரசியலமைப்புக்கான நிபுணர் அறிக்கை 2019 சனவரியில் சபையில் வைக்கப்பட்டு, அதோடு நின்றுபோனது.

கேள்வி: இன்று சட்டம் என்ன சொல்கிறது? பிரதேச சபைக்கும் இது பொருந்துமா?

பதில்: அரசியலமைப்பின் 48ஆம் உறுப்புரையின்படி மூன்று வழிகளில் அமைச்சரவை கலையும்: அரசாங்கக் கொள்கை விளக்கம் நிராகரிக்கப்பட்டால், வரவு செலவுத் திட்டத்துக்கான ஒதுக்கீட்டுச் சட்டமூலம் தோற்றால், நம்பிக்கையில்லாப் பிரேரணை நிறைவேறினால். சமுகமளித்து வாக்களிப்போரில் பெரும்பான்மை போதும். மக்கள் நேரடியாகத் தெரிவுசெய்யும் சனாதிபதியை இது தொடாது. அவரை நீக்க 38ஆம் உறுப்புரையின் நீண்ட வழியும் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். 1978 அரசியலமைப்புக்குப் பின் இந்தக் கருவியின் கூர் மழுங்கியதற்கு அதுவே காரணம்.

கொடிகாமம் அடங்கும் சாவகச்சேரிப் பிரதேச சபை போன்ற உள்ளூராட்சி மன்றங்களில் தவிசாளரின் பலம் சோதிக்கப்படும் இடம் பாதீடு. 2012ஆம் ஆண்டின் சட்டப்படி, பாதீடு தோற்றால் இரண்டு வாரத்துக்குள் மறுபடி சமர்ப்பிக்கலாம். மறுபடியும் தோற்றால் தவிசாளர் பதவி விலகியதாகக் கருதப்படுவார். யாழ்ப்பாண மாநகர சபையில் 2020 டிசம்பரில் முதல்வர் இ. ஆனல்ட் இப்படித்தான் பதவி இழந்தார். 21க்கு 20 என ஒரு வாக்கால் வி. மணிவண்ணன் தெரிவானார். 2022 டிசம்பரில் மணிவண்ணனின் பாதீடும் தோற்றது. அவர் இரண்டாவது வாக்கெடுப்புக்குப் போகாமல் பதவி விலகினார்.