வீட்டில் மருந்து கொடுப்போர் கவனத்திற்கு

நோய்க்கு மருந்து செய்துகொள்வது தவக்குலுக்கு மாறானதன்று. மருந்து செய்யுமாறு நபி (ஸல்) அவர்களே ஏவியிருக்கிறார்கள். இதை நாம் அறிவோம். ஆனால், மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து கேடு விளைந்தால் அவரே அதற்குப் பொறுப்பாளி என்று அவர்கள் எச்சரித்த செய்தியும் அபூதாவூதில் உள்ளது. இதை நம்மில் எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்? டாக்டர் சொன்னபடி கொடுப்பது வேறு. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கேட்டதென்று நம் பிள்ளைக்கும் ஊற்றுவது வேறு.

2025ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில், இருமல் மருந்து குடித்த இளங்குழந்தைகள் இருபதுக்கும் மேற்பட்டோர் சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். ‘கோல்ட்ரிப்’ என்ற அம்மருந்து, நம் காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்தில் தயாரானது. சோதித்ததில், 0.1 சதவீதத்திற்கு மேல் இருக்கக்கூடாத டை எத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு 48.6 சதவீதம் இருந்தது. அந்தப் பெற்றோர் மீது குற்றமில்லை. எனினும் நாம் பெறும் பாடம் உண்டு. இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு இருமல், சளி மருந்து கூடாது, ஐந்து வயதுக்குட்பட்டோருக்கும் பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய அரசு அப்போது அறிவுறுத்தியது. பெரும்பாலான இருமல் தானே தணியும். மூச்சு வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்க. கொடுத்த மருந்துக் குப்பியையும் கையோடு கொண்டு செல்க.

தேன் அருமருந்துதான். ஆயினும் ஒரு வயது நிறையாத குழந்தையின் நாவில் அதைத் தடவவும் கூடாது. அரிதாக, நரம்புகளைத் தாக்கும் கொடிய நோய் அதனால் வருவதுண்டு.

அளவில் நேரும் தவறும் சிறிதன்று. காய்ச்சலுக்கான பாரசிட்டமால் சொட்டு மருந்தில் பொதுவாக ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 250 மில்லிகிராம் இருக்கும். 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராமே உச்ச அளவு. சிரப் என்றெண்ணிச் சொட்டு மருந்தை 5 மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம் போய்விடும்! ஆகவே லேபிளைப் படித்து, குப்பியோடு வரும் மூடியாலோ பில்லராலோ அளந்து கொடுங்கள். சமையலறைக் கரண்டிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை.

மூக்கண்டப்பள்ளி போன்ற ஓசூர்ப் பகுதிகளில் இன்னொரு சங்கடமும் உண்டு. சிப்காட் ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து வரும் தகப்பனார், தாய் சற்று முன் கொடுத்ததை அறியாமல் மறுபடியும் கொடுத்துவிடலாம். ஓசூரில் ஒரு டாக்டர், பெங்களூரில் ஒரு டாக்டர் என்று காட்டினால், ஒரே மருந்து இரண்டு பெயர்களில் வீட்டுக்கு வந்துவிடலாம். அலமாரியில் ஒரு தாளை ஒட்டி, மருந்தின் பெயர், அளவு, கொடுத்த நேரம், கொடுத்தவர் பெயர் ஆகியவற்றை எழுதி வையுங்கள். பழைய சீட்டுகளையும் புதிய டாக்டரிடம் காட்டுங்கள்.

ரமளானில், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாத்திரை உண்ணும் பெரியவர்கள், பகல் மாத்திரையையும் சேர்த்து ஸஹரில் விழுங்குவது ஆபத்து. சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரக்கூடும். ஷஃபானிலேயே டாக்டரைக் கண்டு வேளைகளை மாற்றி எழுதி வாங்குங்கள். நோன்பு உடலுக்குக் கேடு என்று அவர் கூறினால், நோயாளிக்குக் குர்ஆன் அளித்த சலுகையை ஏற்பதில் வெட்கம் எதற்கு?

மீந்த ஆண்டிபயாடிக்கை அடுத்த காய்ச்சலுக்கென வைக்காதீர்கள். மாத்திரைகளைக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். மிட்டாய் என்று சொல்லி ஊட்டாதீர்கள்.

பிள்ளைகளும் முதியோரும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைப் பேணும் விழிப்பை வல்ல அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.