கருடன், கலுழன், உவணன்

குடமுழுக்கு நாளில் கலசங்களுக்கு மேலே செம்பருந்து ஒன்று வட்டமிட்டதும், அன்பர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு ‘கருடன் வந்துவிட்டார்’ என்று மகிழ்வதைத் திருக்கோயில்தோறும் காணலாம். வெண்டலையும் வெண்மார்பும் செங்கல் நிற உடலும் உடையது அப்பறவை. திருமாலுக்கு ஊர்தியும் கொடியுமாய் நின்று, பெரிய திருவடி என வைணவர் போற்றும் கருடாழ்வாரின் பெயரே அதற்கும் வழங்குகிறது. அப்பெயரின் பொருள் யாது?

கருடன் என்பது வடசொல். விழுங்குதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து அது பிறந்ததென்பர் சொல்லாராய்ச்சியாளர். பாம்பை விழுங்குவது எனக் கொள்க. மகாபாரதத்து ஆதிபருவமோ வேறொரு காரணம் கூறும். தாய் வினதையின் அடிமைத்தளையை நீக்க அமுதம் கொணரப் புறப்பட்ட அப்புள்ளரசு, பசிதீர உண்பதற்காக யானை ஒன்றையும் ஆமை ஒன்றையும் கால்களிற் பற்றிப் பறந்து, ஓர் ஆலமரக் கிளையில் அமர்ந்தது. கிளை முறிந்தது. அதில் தலைகீழாகத் தொங்கித் தவம் செய்த வாலகில்லியர் என்னும் சிறு முனிவர்கள் விழுந்து மாளாதபடி, அக்கிளையையும் அலகிற் கவ்விக்கொண்டு பறந்தது. பெரும்பாரம் தாங்கிப் பறந்தமையால் அம்முனிவர்களே கருடன் என்று பெயரிட்டனர் என்பது வரலாறு. ‘குரு’ என்னும் வடசொல்லுக்கு ஆசான் என்பதோடு கனமானது என்ற பொருளும் உண்டு. இலக்கணத்தார் இவ்விளக்கத்தை ஏற்கத் தயங்குவர். ஆயினும், தன் பசியிலும் பிறர் உயிரைக் காத்த செயலே பெயராயிற்று என்பதைத் தள்ளிவிட மனம் வருவதில்லை. கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோயிலில் கல் கருடனைச் சந்நிதியிலிருந்து நால்வர் சுமந்து புறப்பட, வெளியே வரவர எண்மர், பதினறுவர் எனச் சுமப்போர் தொகை பெருகும் என்பர். பாரம் சுமந்தவர் அங்கே தாமே பாரமாகிறார்!

தமிழில் இப்பெயர் கலுழன் என்றாயிற்று. கம்பர் இவ்வடிவை ஆள்வார். பாலி மொழியில் ‘கருள’ என வழங்குவதையும், நாடிகை நாழிகையானதையும் நோக்கின் டகரம் ழகரமான வழி விளங்கும். அழுதல் என்னும் பொருளுடைய கலுழ்தலோடு இதனை இணைத்துப் பொருள் விரித்தல் ஆகாது. ஒலி ஒத்ததேயன்றி உறவு இல்லை.

உவணம் என்பது மற்றொரு பெயர். நற்சிறகுடையது எனப் பொருள்படும் சுபர்ணம் என்பது, முதற்சகரம் கெட்டுப் பகரம் வகரமாகி இவ்வாறு நின்றது. சிராவணம் ஆவணியானதும் இவ்வாறே. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் மதுரைத் திருமால் கோயிலைக் குறிக்குமிடத்து இளங்கோவடிகள் இச்சொல்லையே ஆண்டார்.

கருடனைக் கழுகு என்றெழுதும் வழக்கம் இந்நாளில் மிகுந்துவிட்டது. அது பொருந்தாது. கழுகு சடாயுவின் இனம். எருவை, பாறு என்பன அதன் பழம்பெயர்கள். திருக்கழுக்குன்றத்து மலைமேல் நண்பகலில் அமுதுண்ண வந்த இரு பறவைகளும் அவ்வினத்தனவே. 1990-களின் இறுதிக்குப்பின் அவை வரவில்லை. நாடெங்கும் கழுகினம் அருகியதற்குப் பெருங்காரணமாக அறியப்பட்டது, கால்நடைகளுக்கு அளிக்கப்பட்ட டைக்ளோஃபினாக் என்னும் வலிநீக்கி மருந்து. அம்மருந்து ஏற்று இறந்த மாட்டின் ஊனை உண்ட கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மாண்டன. கால்நடை மருத்துவத்தில் அதனைப் பயன்படுத்துவது 2006ஆம் ஆண்டு இந்தியாவில் தடைசெய்யப்பட்டது.