செம்பருத்தியில் மாவுப்பூச்சியா?
செம்பருத்தியின் கொழுந்து சுருண்டு, இலைக்காம்பு இடுக்கில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் தெரிந்தால் அது மாவுப்பூச்சி. மொட்டுகள் மலராமலே உதிரும்.

1. சுருண்ட நுனிகளை நறுக்கி, பையில் கட்டி அகற்றவும். செடியடியில் போட்டால் பூச்சி மறுபடி ஏறும். பூஜைக்குப் பறிக்கும் செடியாயிற்றே என்று தயங்க வேண்டாம், புதுத் தளிரில்தான் பூ வரும்.

2. காலையில் இலையின் அடிப்புறத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சவும். குஞ்சுகள் உதிரும்.

3. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கவும். சோப்பு இல்லாவிட்டால் எண்ணெய் மிதக்கும். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும். முட்டைகள் பஞ்சுக்குள் பத்திரமாக இருப்பதால், வாரம் ஒருமுறை, 3 வாரம் தொடரவும்.

4. தண்டில் ஏறும் எறும்புச் சாரியைத் தடுக்கவும். பூச்சி கசியவிடும் இனிப்பு நீருக்காக எறும்புகளே அதைக் காவல் காக்கின்றன.