நம்மைத் தாங்கும் 80 எலும்புகள்



குழுக் கூட்டம் முடிஞ்சு எழுந்திருக்கும்போது "அம்மாடி, இடுப்பு!" என்று சொல்லாதவர் நம்மில் யார்? ராஜபாளையத்தில் மில் வேலை, சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா அடுப்பு, காட்டில் களையெடுப்பு, எதுவானாலும் முதுகுதான் நம் மூலதனம். அதற்கும் ஒரு கணக்குப் பார்ப்போமா?

வளர்ந்தவர் உடம்பில் 206 எலும்புகள். அதில் நடு உடம்பைத் தாங்கும் 80 எலும்புகளுக்கு அச்சுச் சட்டகம் என்று பெயர்.

மண்டை, முகம் - 22
இரண்டு காதுக்குள்ளும் - 6
நாக்குக்கு அடியில் - 1
விலா எலும்பு - 24
மார்பு எலும்பு - 1
முதுகெலும்பு - 26

முதுகெலும்பில் கழுத்துக்கு 7, நெஞ்சுக்குப் பின்னால் 12, இடுப்பில் 5. அதற்குக் கீழே திரிக எலும்பு 1, வால் எலும்பு 1. எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி ஜவ்வு இருக்கிறது. குனிந்தபடியே குடத்தைத் தூக்கினால் பாரம் முழுக்க இடுப்பு ஜவ்வில் இறங்கும். அது பிதுங்கி நரம்பை அழுத்தினால் வலி கால் வரை இழுக்கும். அதனால் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, குடத்தை உடம்போடு அணைத்துத் தூக்குங்கள்.

எலும்பும் நம்ம சேமிப்புக் கணக்கு மாதிரிதான். சுமார் 30 வயசு வரை ஏறும். மாதவிடாய் நின்ற பிறகு வேகமாகக் குறையும். "பாட்டிக்கு வயசாச்சு, கூன் விழுந்துருச்சு" என்கிறோமே, பல நேரம் அது வலுவிழந்த முதுகெலும்பு நொறுங்கியதால் வந்தது.

பாலைச் சொசைட்டிக்கு ஊற்றுகிறோம், பால்கோவாவுக்குக் கொடுக்கிறோம். நமக்கும் நம்ம பொண்ணுக்கும் ஒரு டம்ளர் எடுத்து வைக்கிறோமா? கேழ்வரகு, எள், முருங்கைக்கீரையும் சேருங்கள். தினமும் கொஞ்சம் வெயில், கொஞ்சம் நடை வேண்டும்.

கால் மரத்துப் பலம் குறைந்தாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முதுகுவலியோடு காய்ச்சலும் எடைக் குறைவும் இருந்தால் காசநோய்ப் பரிசோதனை அவசியம். முதுகெலும்பிலும் காசநோய் வரும். மருந்தை முழுசாகச் சாப்பிட்டால் குணமாகும். அரசு மருத்துவமனையில் அந்த மருந்து இலவசம்.

அடுத்த கூட்டத்தில் ஒவ்வொருவரும் சொல்லுவோம்: இந்த வாரம் நம் எலும்புக்கு என்ன சேமித்தோம்?